பென்சில் சீவிய கத்தி

ஜப்பான் நாட்டில் மிக்கி என்று ஓர் ஊர். உளி, ரம்பம், இழைப்புளி செய்வதில் பேர் போன ஊர். அங்கே 1890களில் ஒரு மடக்குக் கத்தி பிறந்தது. அதன் பெயர் ஹிகோனோகாமி. "ஹிகோ நாட்டுப் பிரபு" என்று பொருள்.

பெயர்தான் பெரிது. கத்தி மிக எளிது. ஒரு தகட்டை மடித்தால் பிடி. அதற்குள் ஓர் அலகு. பூட்டு இல்லை, வில்லும் இல்லை. அலகின் அடியில் வால் போல ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். கட்டை விரலால் அதை அழுத்திப் பிடித்தால்தான் கத்தி மடங்காமல் நிற்கும்.

ஒரு காலத்தில் ஜப்பானியச் சிறுவர்களின் பையில் எல்லாம் இந்தக் கத்தி இருந்தது. அதில்தான் பென்சில் சீவினார்கள். மூங்கில் சீவி விளையாட்டுச் சாமான் செய்தார்கள்.

1960 அக்டோபர் 12-ம் தேதி டோக்கியோவில் ஒரு பயங்கரம் நடந்தது. மேடையில் பேசிக்கொண்டிருந்த சோஷலிஸ்டுத் தலைவர் அசானுமாவை 17 வயதுப் பையன் ஒருவன் குத்திக் கொன்றான். நாடு நடுங்கியது. "பிள்ளைகள் கையில் கத்தி வேண்டாம்" என்று ஓர் இயக்கமே கிளம்பியது. பென்சில் சீவ இயந்திரம் வந்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இன்று அந்தப் பெயரில் கத்தி செய்யும் உரிமை நாகாவோ குடும்பப் பட்டறை ஒன்றுக்குத்தான் இருக்கிறது.

பெற்றோர் பயந்ததில் தப்பில்லை. ஆனால், அந்தப் பையன் குத்தியது குட்டை வாளால்; பென்சில் சீவும் கத்தியால் அல்ல. மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

கத்தி பிடிக்கும் பிள்ளைக்கு நிதானம் வருகிறது. விரலில் ஒரு சின்னக் கீறல் பட்டால் போதும். கூர் என்றால் என்ன என்று தெரிந்துவிடும். அடுத்தவன் உடம்பும் அப்படித்தான் நோகும் என்பதும் தெரியும். கத்தியையே தொடாத பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்?

ஜப்பானிலேயே இதை உணர்ந்தவர்கள் உண்டு. நாகானோ மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு ஹிகோனோகாமி கொடுக்கும் வழக்கம் 1980களில் வந்தது. பிள்ளைகள் அதில் பென்சில் சீவிப் பழகினார்கள்.

பெரியவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். உடம்பை நோக்கிச் சீவாதே, மடக்கிக் கொடு, வேலை முடிந்தால் துடைத்து வை என்று சொல்லித் தர வேண்டும்.

கத்தியைப் பிடுங்குவது ஒரு நிமிட வேலை. பிடிக்கக் கற்றுக் கொடுப்பது பல நாள் வேலை. அந்தப் பல நாள் வேலைதான் பிள்ளையைக் காப்பாற்றும்.