பதவியில்லாத அதிகாரம்

வள்ளுவர் பொருட்பாலிலே அமைச்சனுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார், தூதனுக்கு வகுத்தார், ஒற்றனுக்குங்கூட வகுத்தார். ஆட்சி செய்பவனின் மனைவிக்கு அங்கே இடமில்லை. மனைவியின் சொற்கேட்டு ஒழுகும் கணவனைக் கண்டிக்கும் 'பெண்வழிச்சேறல்' மட்டுமே உண்டு. அம்மனைவிக்கும் அறிவும் ஆசையும் இருக்குமாயின் அவள் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது, யாருக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்னும் வினாக்களுக்கு அங்கே விடை தேடுவது வீண். ஐக்கிய அமெரிக்காவின் அரசியல் யாப்பும் இவ்விடயத்தில் அதே மௌனத்தையே சாதிக்கின்றது. ஹில்லறி கிளின்ரன் அம்மையாரின் பொதுவாழ்வு அந்த மௌனத்தின் நடுவே தொடங்கியது.

பேராசைக்காரி என்று அவரைப் பழிப்பார் ஒரு சாரார். பெண்ணாய்ப் பிறந்தமையாலேயே பழிக்கப்பட்டார் என்று இரங்குவார் மறு சாரார். இரு கட்சியாரும் ஒன்றைக் கவனிக்கத் தவறுகின்றனர் என்பது என் எண்ணம். அவர்மீது எழுந்த ஐயங்களிற் பல, வீட்டுக்கும் அரச காரியாலயத்துக்கும் நடுவே இருக்கவேண்டிய வாசற்படியிலேதான் முளைத்தன.

யேல் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்றவர் அவர். 1974இல் சனாதிபதி நிக்சன்மீதான குற்றவிசாரணைக்கு உதவிய சட்ட அறிஞர் குழுவில் இளவயதிலேயே இடம்பெற்றவர். அத்தகையவர் அதே ஆண்டில் தலைநகரை விட்டு ஆர்க்கன்சோ மாநிலத்துக்குச் சென்றார். மறு ஆண்டு பில் கிளின்ரனை மணந்தார். மணந்த பின்னரும் தம் பிறந்த வீட்டுப் பெயராகிய றொட்டம் என்பதையே வைத்திருந்தார். 1980இல் கணவர் ஆளுநர் தேர்தலில் தோற்றார். மனைவி கணவன் பெயரைச் சூடாமை வாக்காளருக்குப் பிடிக்கவில்லை என்ற பேச்சு எழுந்தது. 1982இல் கணவர் மீண்டும் களமிறங்கியபோது அம்மையார் கிளின்ரன் ஆனார். தன் பெயரைக் கொடுத்துக் கணவனுக்கு ஒருத்தி வாக்குத் தேடிய இச்செய்தியை நான் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. அந்த விலையைக் கொடுத்தவர், வாங்கிய ஆட்சியில் தமக்கும் பங்குண்டு என்று கருதியிருந்தால் அதில் வியப்பென்ன?

ஆனால் அந்தப் பங்குக்குப் பத்திரம் இல்லை. 1978ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கணவர் ஆளுநராகும் தறுவாயில், அம்மையார் கால்நடை விலைபற்றிய முன்பேர வியாபாரத்தில் ஆயிரம் டொலர் இட்டார். பத்து மாதங்களில் ஏறக்குறைய ஒரு இலட்சம் டொலர் இலாபம் பெற்றார். சட்டம் அவரைக் குற்றவாளியாக்கவில்லை. அனுபவமற்ற ஒருவருக்கு இவ்வளவு அதிட்டம் வாய்த்ததெப்படி என்ற கேள்வி மட்டும் இன்றும் ஓயவில்லை.

1993 யனவரியில், சனாதிபதியாகிவிட்ட கணவர், நாட்டின் சுகாதார சேவையைச் சீர்திருத்தும் குழுவுக்கு மனைவியைத் தலைவியாக்கினார். காப்புறுதியின்றி நோயுறும் கோடிக்கணக்கான மக்களுக்கு வழிசெய்வது உயர்ந்த நோக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் குழுவின் கூட்டங்கள் மூடிய கதவுக்குள் நடந்தன. வைத்தியர் சங்கமொன்று வழக்குத் தொடுத்தது. அரசாங்க அலுவலர் மட்டுமே கொண்ட குழுவாயின் கூட்டத்தைத் திறந்து வைக்கவேண்டியதில்லை. வெளியார் ஒருவர் இருந்தாலும் திறந்தாக வேண்டும் என்பது சட்டம். சனாதிபதியின் மனைவி அலுவலரா, வெளியாரா? அந்த ஆண்டு யூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம், அச்சட்டத்தைப் பொறுத்தவரை அவரை அலுவலராகவே கொள்ளலாம் என்றது. சத்தியப்பிரமாணம் செய்யாத, சம்பளம் பெறாத, எவராலும் நீக்க முடியாத ஓர் அலுவலர்! சீர்திருத்தமோ 1994 செத்தெம்பரிற் கைவிடப்பட்டது.

விசாரணையாளர் நெடுங்காலம் தேடிய அவருடைய சட்ட நிறுவனக் கணக்குத் தாள்கள் 1996 யனவரியில் வெளிப்பட்டன. அவை கிடந்த இடம் வெள்ளை மாளிகையில் குடும்பத்தார் வாழும் பகுதி. பல ஆண்டுகள் கழித்து, 2009 முதல் 2013 வரை அவர் இராசாங்கச் செயலாளராய் இருந்தபோது, அரச அலுவல் பற்றிய மின்னஞ்சல்கள் அவருடைய சொந்த வீட்டுக் கணினி வழியே போயின என்பது 2015இல் தெரியவந்தது. குற்றஞ்சாட்ட வேண்டியதில்லை, ஆயினும் மிகுந்த கவனயீனம் என்று 2016 யூலையில் புலனாய்வுத் துறைத் தலைவர் கூறினார். முன்னர் காரியாலயத் தாள் வீட்டிலே கிடந்தது. பின்னர் காரியாலயமே வீட்டுக்குள் வந்துவிட்டது. மனைவியாய் இருந்த காலத்திற் பகைவரின் கண்ணுக்கு அஞ்சிப் பழகிய மறைப்பை, சத்தியப்பிரமாணம் செய்த பதவிக்கும் அவர் கொண்டுவந்தார். அதனை நான் மன்னிக்கத் தயங்குகிறேன்.

நிற்க. அவர் வாழ்வில் கணக்கு நேராய் இருந்த இடமும் ஒன்றுண்டு. 2000இல் நியூயோர்க் மக்கள் அவரைச் செனற் சபைக்குத் தெரிவு செய்தனர். அங்கே 2002 ஒக்தோபரில் ஈராக் யுத்தத்துக்கு இசைந்து வாக்களித்தார். பெரும் பிழை அது. ஆனால் பகிரங்கமாய், தம் பெயரில், பதிவேட்டில் நின்ற பிழை. 2008இல் ஓபாமாவிடம் தோற்றபோது அதற்குரிய விலையையும் கொடுத்தார். 2016இல் 28 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் அதிகமாய்ப் பெற்றும், தேர்வாளர் தொகையிற் குறைந்து சனாதிபதிப் பதவியை இழந்தார்.

கெனடி தம் தம்பியைச் சட்டமா அதிபராக்கியதன் பின், உறவினரைப் பதவியில் அமர்த்துவதைத் தடுக்கும் சட்டமொன்று 1967இல் அங்கே இயற்றப்பட்டது. 2017 யனவரியில் ட்ரம்ப் தம் மருமகனை ஆலோசகராக்க விரும்பினார். வெள்ளை மாளிகைப் பதவிகளை அச்சட்டம் தடுக்காது என்று நீதித் திணைக்களம் கருத்துரைத்தது. அக்கருத்துரைக்குத் துணையாய் எடுத்தாளப்பட்டவற்றுள், கிளின்ரன் அம்மையாரின் சுகாதாரக் குழு பற்றிய 1993ஆம் ஆண்டுத் தீர்ப்பும் ஒன்று.