எலிக்குக் கிடைத்த பாதி நியாயம்

இராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு நாகப் பிரதிஷ்டைக்கு உட்காரும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். பக்கத்தில் கணவனும் இருப்பான். ஊரின் கேள்வி மட்டும் அவளை நோக்கியே வரும். ‘மலடி’ எங்கள் தெருவில் அன்றாடம் புழங்கும் சொல். ‘மலடன்’ அகராதியில் இருக்கிறது.

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் உடலிலும் காரணம் உண்டு. அதை அறிய இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்து, ஒரு குப்பியில் விந்தைக் கொடுத்தால் போதும். ஊசியில்லை, மயக்கமருந்தில்லை. பாம்பன் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருத்தி, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மூழ்கிப் பாசி எடுப்பவள், கருக்குழாயில் சாயம் செலுத்தி எடுக்கும் படம்வரை பார்த்துவிட்டாள். அவள் புருஷன் குப்பியைத் தொடவில்லை.

2002இல் மலட்டு ஆண் சுண்டெலிகளுக்கு ஒரு வைத்தியம் நடந்தது. விந்தணுவை ஊட்டி வளர்க்கும் செர்டோலி செல்களில் பழுதாகியிருந்த மரபணுவுக்குப் பதிலாக நல்லதொன்றை வைரஸில் ஏற்றி விரைக்குள்ளேயே செலுத்தினார்கள். விந்தணு உருவானது. பழுது எந்த உடலிலோ அங்கேயே கை வைத்தார்கள்! ஆனாலும் குட்டி பிறக்க, பெண் எலியின் முட்டையை வெளியே எடுத்து விந்தணுவை உள்ளே செலுத்த வேண்டியிருந்தது. எலிக்கும் பாதி நியாயம்தான்.

மனிதருக்கு அந்தப் பாதியும் இல்லை. 1992இல் பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்த இக்சி முறையில் குறை அவனுடையது. தினசரி ஹார்மோன் ஊசியும், மயக்கத்தில் முட்டை உறிஞ்சுவதும் அவளுக்கு. ஐதராபாத் சிசிஎம்பியில் தங்கராஜ் குழுவினர் விந்தணுவே இல்லாத இந்திய ஆண்களை ஆராய்ந்து, 2003இல் வெளியிட்ட முடிவில், 8.5 சதவீதத்தினரிடம் ஒய் குரோமோசோமில் சில பகுதிகள் விடுபட்டிருந்தன. இத்தகைய குறையுள்ளவர்களில் சிலருக்கு விரையிலிருந்து விந்தணு எடுத்து இக்சி செய்ய முடிகிறது. பிறப்பது மகனென்றால் அதே குறை அவனுக்கும் போகும். அவனுக்கும் ஒருத்தி மனைவியாக வருவாள். ஊசி அவளுக்கு.

மரபணு வைத்தியம் நாளைக்கே வரட்டும் என்று நான் கேட்கவில்லை. வழிவழியாகத் தொடரக்கூடிய மரபணு மாற்றத்தை 2019ஆம் ஆண்டு இந்திய வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன. பிறக்கப்போகும் பிள்ளையிடம் யாரும் சம்மதம் வாங்க முடியாது என்பதால் அது சரியே. நான் கேட்பது பழைய குப்பியைத்தான். கணவனின் அறிக்கை மேசைக்கு வராமல் மனைவிக்கு ஒரு ஊசிகூடப் போடக்கூடாது.

பாசி எடுப்பவளை அடுத்து தேவிபட்டினம் நவபாஷாணத்துக்குக் கூட்டிப்போகிறார்களாம். “அண்ணனுக்கு டெஸ்ட் எடுத்தீங்களா?” என்று அவள் மாமியாரிடம் கேட்டேன்.

“அவன் ஆம்பள, தாயி” என்றார்.