மாணிக்கக் காலணியும் நம் பகுத்தறிவும்

என் வீட்டு நடுக்கூடத்துச் சுவரில் ஒரு ஜோடிக் காலணியின் படம் தொங்குகின்றது. அதனைக் கண்ணுற்ற நண்பர் ஒருவர், "பரதன் சிம்மாசனத்தில் வைத்த பாதுகையைப் பரிகசித்த கிராணியார் வீட்டில் அமெரிக்கப் பாதுகைக்குப் பூஜையோ?" என்று நாலு பேர் நடுவில் கேட்டார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆயினும் அக்கேள்வி என்னை விட்டபாடில்லை. ஒரு பொருளின்மீது கொள்ளும் பிரியம் யாவும் மூடபக்தியே என்னும் புதியதொரு மூடபக்தி சீர்திருத்தம் பேசுவோரிடையே தலையெடுத்து வருகின்றதாகையால், விடையை அச்சிலேயே இறுத்துவிடத் துணிந்தேன்.

1939ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி விஸர்ட் ஆப் ஓஸ்' என்னும் படத்தில் டாரதி என்னும் சிறுமியாக நடித்த ஜூடி கார்லண்ட் அணிந்தது அக்காலணி. நான் பள்ளியிலே படித்த மூலக்கதையில், 1900இல் பாம் என்பார் எழுதியதில், அது வெள்ளிக் காலணி. வர்ணப்படத்தில் வெள்ளி எடுபடாதென்று படக்கம்பெனியார் அதனை மாணிக்கமாக்கினர். மாணிக்கமாவது, மண்ணாங்கட்டியாவது! பட்டுக் காலணியின்மேல் வலைத்துணி. அதன்மேல் காலுக்கு ஏறத்தாழ 2,400 சமிக்கிகள். முன்புறத்தில் கண்ணாடிக் கற்கள் பதித்த ஒரு குஞ்சம். சமிக்கியும் பளிச்சென்ற சிவப்பன்று. பளிச்சென்ற சிவப்பு அக்காலத்து டெக்னிகலரில் ஆரஞ்சாகத் தோன்றுமாதலின், அரக்கு நிறத்தையே தெரிந்தெடுத்தனர். ஆடும்போது ஓசை எழாதிருக்க அடியிலே கம்பளித் துணியும் ஒட்டினர். இத்தனையும் அறிந்தபின்னும் அதனைப் பார்க்கையில் என் மனம் மலர்கின்றது. பொய்யைப் பொய்யென்றறிந்தே நேசிப்பது பக்தியாகுமா?

அதில் உண்மை மாணிக்கம் உண்டென்று நம்பினவனும் ஒருவன் இருந்தான். ஜூடி பிறந்த மின்னசோட்டா மாகாணத்துக் கிராண்ட் ராபிட்ஸ் ஊரிலே, அவர் பெயரால் விளங்கும் காட்சிசாலையில், 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து இரவொன்றில் கண்ணாடியை உடைத்து ஒரு ஜோடியைக் கொண்டுபோனான். கல் யாவும் கண்ணாடியென்று கேட்டதும் அதனைக் கைகழுவிவிட்டானாம். 13 ஆண்டு சென்று, 2018இல் போலீசார் அதனை மீட்டனர். நண்பர் தேடும் மூடநம்பிக்கையை அந்தத் திருடனிடத்திலன்றோ காணவேண்டும்? கல்லுக்குள்ளே மகிமை இருக்கின்றதென்று நம்பினவன் அவனொருவனே.

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் காட்சிசாலையில் வேறொரு ஜோடி இருக்கின்றது. அதன் முன்னே நின்று நின்று ஜனங்கள் தரைவிரிப்பையே தேய்த்துவிட்டனர். அவர்கள் வரம் கேட்பதில்லை. தட்டில் காசு போடுவதில்லை. இடையில் தரகரும் இல்லை. நாள்பட்டு நிறம் மங்கியபோது 2016இல் பொதுஜனங்களிடம் உதவி கோரப்பட்டது. 3 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகை சேர்ந்தது. அப்பணம் எதற்குச் சென்றது? சமிக்கியின் ஜெலட்டினும் பூச்சும் எவ்வொளியில், எவ்வீரத்தில் சிதைகின்றன என்னும் ரசாயன ஆராய்ச்சிக்கு. நம்மூரில் சிலை மங்கினால் கும்பாபிஷேகம். அங்கே பிரியப்பட்ட பொருள் மங்கினால் பூதக்கண்ணாடி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கூறுவோர் பகுத்தறிவிலே முதற்பாகமான பகுத்தலை மறந்தவராவர்.

நிற்க. நண்பர் கேட்டிருக்கவேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. அவர் கேளாததால் நானே கேட்கின்றேன்.

திருட்டுப்போய் மீண்ட அந்த ஜோடி 2024ஆம் ஆண்டு டிசம்பர் 7ந் தேதி ஏலத்திலே 2 கோடியே 80 லட்சம் டாலருக்குப் போயிற்று. கட்டணங்களுடன் 3 கோடியே 25 லட்சம். அதனை அவ்வூருக்கே திரும்பக் கொணர மின்னசோட்டா சட்டசபை ஒதுக்கியிருந்த 1 லட்சம் டாலர் எம்மூலைக்குக் காணும்? நாள்தோறும் செக்ரோல் எழுதும் கை என்னுடையது. பெயருக்கு நேரே கூலியில்லாத வேலை எதனையும் நான் கண்டதில்லை. வடிவமைத்த ஏட்ரியனின் பெயர் படத்திலே வருகின்றது. ஊசியைப் பிடித்து ஆயிரமாயிரம் சமிக்கி தைத்த விரல்களுக்குரிய பெயர் அங்கே இல்லை. அணிந்து ஆடிய பெண்ணுக்கோ அப்போது வயது 16. விழித்திருக்க ஒரு மாத்திரை, உறங்க ஒரு மாத்திரை என்று கம்பெனியார் தமக்குக் கொடுத்ததாகப் பிற்காலத்தில் அவரே சொன்னார். 1969இல், 47ஆம் வயதில், லண்டனில், தூக்க மருந்து மிகுந்து மாண்டார். மறு ஆண்டிலேயே அக்கம்பெனி தன் பழந்துணிமணிகளை ஏலம் போட்டது. அவற்றுள் ஒரு ஜோடிக் காலணி 15,000 டாலருக்கு விலைபோயிற்று.

இவற்றை அறிந்தபின் படத்தைக் கழற்றிவிடலாமே என்பீர்கள். கழற்றினால் அப்பெண்ணையும், பெயரற்ற தையற்காரிகளையும் நினைவூட்ட என் வீட்டில் வேறெதுவும் இல்லை. மீட்ட ஜோடியை வாஷிங்டனில் ஒப்பிட்டபோது ஓர் உண்மை வெளிப்பட்டது: இரு ஜோடிகளும் கலந்துபோயிருந்தன, இதன் வலதுக்கு இணை அதன் இடது. சிலர் தைத்து, அவசரத்தில் மாற்றி வைத்த மனிதக் கைவேலையென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? தேவலோகத்துப் பாதுகையானால் மாறியிருக்குமோ?

படம் சுவரிலேயே இருக்கும். நண்பர் மீண்டும் வரலாம், காப்பியும் உண்டு. வரும்போது தம் காலணியைத் தயங்காமல் வாசலில் விட்டு வரட்டும். எவரும் அதனைச் சிம்மாசனத்தில் ஏற்றமாட்டோம்.