ஏழாம் மாதமும் ஒரு ஸ்டூலும்

கிளிமூக்கு மாம்பழம் மலையாய்க் குவியும் ஜூன் மாதம். சித்தூர் கூழ் ஆலையில் வளைகாப்பு வளையல் குலுங்க ஒருத்தி நின்றபடியே பழம் தரம் பிரிக்கிறாள். ‘மனசைச் சந்தோஷமா வச்சுக்கம்மா’ என்கிறோம். யார் வேண்டாமென்றார்கள்? மன நெருக்கடியில் தாய்க்குச் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோன் சிசுவை எட்டாமல் முடக்க நஞ்சுக்கொடியில் ஒரு நொதி உண்டு. நெருக்கடி நீடித்தால் அந்தக் காவல் தளரும். எலிகளில் பார்த்தால், குட்டியின் மூளை குளுக்கோஸை எரிக்கும் விதமே மாறிவிடுகிறது. (உடனே தாயைக் குற்றம் சொல்லக் கிளம்பிவிட வேண்டாம்.) அவள் ஓய்வெடுக்கலாமே என்றால், பேறுகாலச் சட்டம் 26 வாரச் சம்பள விடுப்பு தருகிறதுதான், ஆனால் முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். மாம்பழ சீசனே இரண்டு, மூன்று மாதம்! அறிவுரையை விடுங்கள். அவளுக்கு ஒரு ஸ்டூல் போடுங்கள். திருப்பதி மகப்பேறு ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் கூலியைப் பிடிக்காதீர்கள்.