கணக்கை சாய்ஸில் விடாதீங்க!



அறிவியல் பரீட்சை முடிந்ததும் மரத்தடியில் கூடி நாம் பேசுவது என்ன? "இயற்பியல் கணக்கு போட்டியா?" "இல்லடி, அத சாய்ஸ்ல விட்டுட்டேன்." இதுதானே! ஒளிப் பாடமா, சாய்ஸ். மின்சாரப் பாடமா, அதிலும் கணக்கு மட்டும் சாய்ஸ். இந்தப் பழக்கம் நமக்கு நல்லதல்ல என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஓம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எல்லோரும் சொல்லிவிடுவோம். ஆனால் 6 ஓம், 3 ஓம் என்ற இரண்டு மின்தடையங்களைப் பக்க இணைப்பில் இணைத்தால் மொத்த மின்தடை எவ்வளவு என்று கேட்டால் சிலர் கூட்டி 9 என்கிறார்கள். சிலர் 1/6 + 1/3 = 1/2 என்று சரியாகப் போட்டுவிட்டு, அதைத் தலைகீழாகத் திருப்பாமல் 0.5 ஓம் என்று முடித்துவிடுகிறார்கள். சூத்திரம் தெரியும், விஷயம் தெரியவில்லை!

தண்ணீர்த் தொட்டியில் ஒரு குழாய் இருக்கும்போது வருகிற தண்ணீரை விட, இன்னொரு குழாயையும் திறந்தால் அதிகம் வருமா, குறையுமா? அதிகம்தான் வரும். பக்க இணைப்பும் அப்படித்தான். பாதை கூடினால் தடை குறையும். அதனால் விடை 3 ஓமை விடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். 9 வரவே வராது. சரி, 0.5 வருமா? 6 வோல்ட் பேட்டரியை வைத்துப் பாருங்கள். 6 ஓமில் 1 ஆம்பியர் போகும். 3 ஓமில் 2 ஆம்பியர் போகும். மொத்தம் 3 ஆம்பியர். 6-ஐ 3-ஆல் வகுத்தால் 2 ஓம். அவ்வளவுதான்! பக்க இணைப்புச் சூத்திரமே மறந்து போனாலும் விடை கிடைத்துவிட்டது பார்த்தீர்களா?

அடுத்து ஒளி. இதில் எல்லோரும் பயப்படுவது பிளஸ், மைனஸ் குறிக்குத்தான். "மைனஸ் போட்டா என்ன, போடாட்டி என்ன, நம்பர் வந்தா சரி" என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு. ஒரு குழியாடியின் குவியத் தொலைவு 15 செ.மீ. பொருள் 20 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் மைனஸ் போட்டுச் செய்தால் பிம்பத்தின் தொலைவு மைனஸ் 60 செ.மீ. வரும். அதாவது ஆடிக்கு முன்னால், மூன்று மடங்கு பெரிதாக, தலைகீழான மெய்பிம்பம். இதே கணக்கில் பொருளின் தொலைவுக்கு மட்டும் மைனஸ் போட்டு, குவியத் தொலைவுக்கு விட்டுவிட்டால் என்ன ஆகும்? பிம்பம் ஆடிக்குப் பின்னால் சுமார் 8.6 செ.மீ.-இல், சிறியதாக, நேராக வரும். அது குவியாடியின் பிம்பம்! பஸ்ஸில் டிரைவர் அண்ணன் பக்கத்தில் மாட்டியிருக்கிற கண்ணாடி! ஒரு சின்னக் கோடு விட்டுப்போனதால் குழியாடி குவியாடியாக மாறிவிட்டது. மைனஸ் என்பது வெறும் கோடு இல்லை, அதுதான் எந்த ஆடி என்று சொல்கிறது.

"இதெல்லாம் படிச்சு என்னடி ஆகப்போவுது?" என்று சிலர் கேட்கலாம். சொல்கிறேன். நீரின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 4/3. அதனால் கிணற்றில் 4 மீட்டர் தண்ணீர் இருந்தால், நேர் மேலிருந்து பார்க்கிறவருக்கு 3 மீட்டர்தான் தெரியும். "ஆழம் கம்மிதான்" என்று நீச்சல் தெரியாத பிள்ளை இறங்கினால் என்ன ஆகும்? அதே போல வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஈரக் கையின் மின்தடை காய்ந்த கையை விடக் குறைவு. தடை பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் உடம்பில் பாயும் மின்னோட்டம் பத்து மடங்கு ஆகும். மோட்டார் சுவிட்சை ஈரக் கையால் தொடாதே என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் அந்த ஒரு வகுத்தல் கணக்குதான். இது மார்க் விஷயம் மட்டும் இல்லை, உயிர் விஷயம்.

"கணக்கு நல்லா படிக்கிறவங்களுக்குத்தான், நமக்கு பாஸ் மார்க் போதும்" என்பது இன்னொரு பேச்சு. நான் நேர்மாறாக நினைக்கிறேன். பெரிய வினாவுக்கு இரண்டு பக்கம் மனப்பாடம் செய்ய வேண்டும். நடுவில் ஒரு வரி மறந்தால் கை நின்றுவிடும். கணக்குக்குத் தேவையான எண்கள் எல்லாம் வினாத்தாளிலேயே அச்சடித்து இருக்கின்றன. நான்கே வரிதான். மனப்பாடம் வராதவங்களுக்குக் கணக்குதான் உண்மையான தோழி.

அதற்குச் சில வழிகள்:

1. முதலில் படம் போடுங்கள். மின்சுற்றோ கதிர்ப்படமோ, சின்னதாக இருந்தாலும் போதும்.

2. கொடுத்திருப்பதைக் குறியோடும் அலகோடும் எழுதுங்கள். 4 வோல்ட்டுக்கு 200 மில்லி ஆம்பியர் என்றால் அதை 0.2 ஆம்பியர் ஆக்கிய பிறகு வகுக்க வேண்டும். விடை 20 ஓம். மாற்றாமல் வகுத்தால் 0.02 வரும். ஆயிரம் மடங்கு வித்தியாசம்!

3. பிறகு சூத்திரம். பிறகு எண்களைப் பிரதியிடுங்கள்.

4. விடைக்கு அலகு எழுதுங்கள். எழுதிய பின், "இது நடக்குமா?" என்று ஒரு தடவை உங்களையே கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். புத்தகத்தில் இருக்கும் கணக்கையே பரீட்சைக்குக் கொடுத்தால் நாங்கள் அதையும் மனப்பாடம் செய்துவிடுகிறோம். வாரம் ஒரு கணக்காவது எண்களை மாற்றிக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். இன்னொன்று. செய்முறை வகுப்பில் பேட்டரியையும் ஒயரையும் மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், மாணவிகள் நோட்டில் அளவு எழுதுகிறோம். எங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறதாம்! அம்மீட்டரைத் தொடரிணைப்பிலும் வோல்ட்மீட்டரைப் பக்க இணைப்பிலும் நாங்களே இணைத்துப் பார்த்தால்தானே மனதில் நிற்கும்? ஒரு வாரம் அவர்கள் எழுதட்டும், நாங்கள் இணைக்கிறோம்.

ஓம் விதியைத் தந்த ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்து, அளந்து பார்த்துத்தான் அந்த விதியைக் கண்டார். 1827-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டபோது பலர் மதிக்கவில்லை. 1841-இல்தான் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்கு காப்ளி பதக்கம் கொடுத்தது. கையால் செய்து கண்டதை நாம் வாயால் மட்டும் படித்தால் எப்படி? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

பத்தாம் வகுப்பிலும் ஒளியும் மின்சாரமும் மறுபடி வரப்போகின்றன. அதற்குப் பிறகு எந்த குரூப் எடுப்பது என்ற கேள்வி வரும். "எனக்கு பிசிக்ஸ் வராது" என்று அப்போது சொல்கிற அக்காக்கள் பலர். வராமல் இல்லை, போட்டே பார்க்கவில்லை. பிடித்து வேறு குரூப் எடுப்பது வேறு, பயந்து எடுப்பது வேறு. நாம் என்ன ஆக வேண்டும் என்பதை சாய்ஸில் விட்ட ஒரு கணக்கு முடிவு செய்யக் கூடாது.

ஆகவே தோழிகளே, தோழர்களே! அடுத்த பரீட்சையில் கணக்கை முதலில் போடுங்கள். விடை தப்பானாலும் பரவாயில்லை, இடத்தைக் காலியாக மட்டும் விடாதீங்க.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி