கம்பிக்குச் சான்று, சுமை யாருக்கு?

இறக்குமதி உருக்குக் கம்பி, தரச் சான்றிதழிற் குறையுண்டென்று சுங்கத்தில் தடுக்கப்படும்போதெல்லாம் இரு தரப்பார் வழக்காடுகின்றனர். வியாபாரம் நசுக்கப்படுகிறது என்கிறார் இறக்குமதியாளர். பொதுமக்களின் பாதுகாப்பே பெரிதென்கின்றனர் அதிகாரிகள். அக்கம்பியை வாங்கி வன்னியில் வீடு கட்டும் கமக்காரனை எவரும் அழைத்துக் கேட்பதில்லை. இரு தரப்பாரின் செலவையும் முடிவில் இறுப்பவனோ அவன்தான்.

தரக் கட்டுப்பாடு வேண்டாமென்று நாம் வாதிடவில்லை. 1969 ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள், குறித்த சில பண்டங்கள் இலங்கைத் தரக் கட்டளைகளுக்கு அமைய வேண்டுமென விதிக்கின்றன. கொங்கிறீற்றுக்குள் இடும் வரிவைத்த கம்பிக்கு எஸ்.எல்.எஸ். 375 என்னும் கட்டளை உண்டு. ஏற்கத்தக்க சான்றிருந்தால் சரக்கு விடுபடும். இன்றேல் மாதிரி எடுத்துச் சோதிக்கப்படும். முறை நல்லதே. 12 மில்லிமீற்றர் கம்பி மீற்றருக்கு 888 கிராம் நிறுக்க வேண்டும். விட்டத்தில் அரை மில்லிமீற்றர் குறைந்தால் கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் உருக்கில் நூற்றுக்கு எட்டு வீதம் போய்விடுகிறது. கம்பியை எண்ணி வாங்குபவன் இதை எங்ஙனம் அறிவான்?

எனினும் சான்றிதழே சிலவேளை வழக்கின் மூலமாகிறது. சர்வதேசச் சுங்க வகைப்படுத்தலின்படி, உருக்கிலே போரன் என்னும் மூலகம் 0.0008 வீதம், அதாவது தொன்னுக்கு எட்டுக் கிராம், இருந்தாற் போதும். அது சாதாரண உருக்கன்று, கலப்புருக்கு. கலப்புருக்கின் ஏற்றுமதிக்குச் சீன அரசு வரிமீளளிப்பு வழங்கி வந்தது. ஆதலால் அங்குள்ள ஆலைகள் பல, சாதாரண உருக்கில் ஒரு சிட்டிகை போரனைத் தூவிக் கலப்புருக்கென்று சான்றெழுதி உலகெங்கும் அனுப்பின. 2015 ஜனவரி முதலாந் திகதியுடன் போரன் உருக்குக்கு அச்சலுகை ஒழிந்தது. உடனே குரோமியம் வந்து சேர்ந்தது! வீடு கட்டுபவனுக்கு அந்த எட்டுக் கிராமால் யாதொரு பயனுமில்லை. வாங்கும் நாட்டின் சுங்கத்தாருக்கோ பெருந் தலையிடி. ஆலை தந்த ஒரே கடதாசி கம்பியின் பலத்துக்கும் சாட்சி, வரிவகுப்புக்கும் சாட்சி. ஒன்றில் ஐயம் பிறந்தால் மற்றதன் மீதும் நம்பிக்கை தளர்கிறது.

ஐயம் தீரும்வரை கொள்கலன் வாடகையும் தாமதக் கட்டணமும் வங்கி வட்டியும் ஏறிக்கொண்டே போகின்றன. எல்லாம் கம்பியின் விலையில் வந்து விடியும். தாமதத்தால் மற்றுமொரு கேடும் உண்டு. 2025 ஜனவரியில் கொழும்புத் துறைமுக நெரிசலின்போது 323 கொள்கலன்கள் நேரடிச் சோதனையின்றி விடுவிக்கப்பட்டதை நாடறியும். அதன் அரசியற் பூசல் ஒருபுறம் இருக்கட்டும். சோதனை நத்தை வேகத்தில் நடக்குமாயின், என்றோ ஒருநாள் வாயிலையே திறந்துவிட நேரும்.

ஆகவே சோதனை முடிவுக்கு நாட்கணக்கில் எல்லை வகுக்கப்பட வேண்டும். அவ்வெல்லை கடந்தால், இறக்குமதியாளர் தவறின்றி நேர்ந்த தாமதக் கட்டணத்தை அரசாங்கமே ஏற்க வேண்டும். தேறாத சரக்கின் ஆலைப் பெயரும் தொகுதி இலக்கமும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்பட வேண்டும். இதனை இரகசியமாக வைத்திருப்பதால் நன்மையடைவோர் யார் என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

துறைமுகத்திற் சோதிக்கப்படுவது மாதிரி மட்டுமே. கடையில் விலைப்படுவது வேறாகவும் இருக்கக்கூடும். பரந்தனில் கம்பி வாங்கியவன் ஐயுற்றால் அதைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்கா ஓடுவது? கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. இத்தகைய சோதனைக்கு வேண்டிய கருவிகள் அனைத்தையும், அதன் முடிவைச் சுங்கமும் நீதிமன்றமும் ஏற்கும் அங்கீகாரத்தையும் அப்பீடத்துக்கு வழங்குவதில் கொழும்புக்கு என்ன இடர்? நிறையைப் பார்ப்பதற்கோ பொறியியலாளரும் வேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் நல்ல தராசொன்றும் அளவுநாடாவும் இருந்தாற் போதும். அங்கீகாரத்தைப் பற்றிய கேள்வியை எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் வரவுசெலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் எழுப்பி, அமைச்சரிடமிருந்து திகதி குறிப்பிட்ட பதிலைப் பெற வேண்டும்.