மழைக் காளானும் வெள்ளிக் கரண்டியும்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் காளானைப் பற்றிய பழைய யோசனைகளும் முளைத்துவிடும். கொதிக்கும்போது வெள்ளிக் கரண்டியைப் போடு, கறுத்தால் விஷம். பூண்டு நிறம் மாறினால் விஷம். பூச்சி அரித்திருந்தால் நல்லது. மூன்றும் பொய். காளான் விஷத்துக்கும் வெள்ளி கறுப்பதற்கும் சம்பந்தமே கிடையாது. மனிதனைக் கொல்லும் காளானை நத்தை நிம்மதியாகத் தின்னும்.

காரைக்காலில் காடு ஏது என்பீர்கள். காடு இல்லைதான். ஆனால் வரப்பும் மூங்கில் கொல்லையும் கரையான் புற்றும் உண்டு. நம் பாட்டிமார்கள் எந்தச் சோதனையும் செய்து பார்த்ததில்லை. வருடா வருடம் அதே புற்றில், அதே பருவத்தில் வந்த ஒரே காளானைத்தான் பறித்தார்கள். அறியாத இடத்தில் முளைத்ததைத் தொடமாட்டார்கள். அவர்களுடைய அறிவு அந்த இடத்தோடு ஒட்டியது. புற்றுகள் மனைகளாகிவிட்ட பிறகு, பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் படம் பிடித்துப் பெயர் கண்டுபிடிக்கிறார்கள். எனக்கு அதுதான் பயம்.

புற்றுக்காளானின் முக்கிய அடையாளம் மண்ணுக்குள் இருக்கிறது. அதன் தண்டு வேர்போல நீண்டு கரையான் கூடுவரை இறங்கும். தரையோடு கிள்ளினால் அடையாளம் உள்ளேயே நின்றுவிடும். படத்தில் எப்படித் தெரியும்? புல்தரையில் வெள்ளைக் குடைபோல வரும் இன்னொரு காளான் பார்வைக்கு அருமையாக இருக்கும். முற்றினால் அடிமடிப்புகள் பச்சை பாயும். தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும்தான்.

இதைவிடக் கொடியவையும் உண்டு. அவற்றின் விஷம் வேகவைத்தாலும் போகாது. தின்று 6 மணி நேரத்துக்குமேல் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி. நடுவில் குணமானதுபோல் இருக்கும். அதற்குள் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் தின்று 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்து ஏழைக் குடும்பங்கள்.

பிரான்சில் காட்டில் பறித்த காளானைக் கூடையோடு மருந்துக்கடைக்குக் கொண்டுபோய்க் காட்டும் வழக்கம் உண்டு. மருந்தாளுநர் படிப்பிலேயே காளான் பாடம் இருக்கிறது. நம் ஊரில் பலருக்கு அங்கே சொந்தபந்தம் இருக்கிறது, கேட்டால் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ரொட்டியையும் தெருப் பெயர்களையும் வைத்துக்கொண்ட நாம் இதையும் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

இப்போதும் முடியும். செருமாவிலங்கையில் வேளாண் கல்லூரி இருக்கிறது. பூஞ்சை பற்றிப் படித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். மழை மாதங்களில் வாரம் ஒரு நாள் ஒரு மேசை போட்டு, ஜனங்கள் தோண்டி எடுத்துவரும் முழுக்காளானைப் பார்த்துச் சொன்னால் போதும். விவரம் தெரிந்த பெரியவர்கள் ஊரில் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்களையும் பக்கத்தில் உட்கார வைக்கலாம். இரண்டு பேரும் சரி என்றால் சமைக்கலாம். ஒருவர் தயங்கினாலும் குப்பையில் போடவேண்டும்.

அதுவரை, ஆசைப்படுபவர்கள் கடையில் பால் காளான் வாங்குங்கள். அதுவும் ஒரு காலத்தில் காட்டுக் காளான்தான். இன்று வளர்ப்புக் காளான். யாராவது தெரியாமல் தின்றுவிட்டால், வாந்தி நின்றாலும் வீட்டில் வைத்திருக்காதீர்கள். மிச்சக் காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.